"நெஞ்சு சூடா இருந்தாத்தான் விரலுக்கு இறால் தெரியும்!"

எங்க அம்மா இறாலைக் கண்ணால் பார்த்துப் பிடிப்பதில்லை. விரலால் தடவித்தான் பிடிப்பார்.

பிச்சாவரத்துக்குச் சுற்றுலா வந்து, சுரபுன்னைக் காட்டுக்குள் படகில் போனவர்கள் கவனித்திருக்கலாம். வேர்கள் இறங்கி நிற்கும் கரையோரமாக, இடுப்பளவு, சில இடங்களில் கழுத்தளவு தண்ணீரில் நாலைந்து தலைகள் மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கும். பனை ஓலையில் முடைந்த பறியைப் பல்லில் கவ்வியிருப்பார்கள். இரண்டு கைகளும் அடியில் சேற்றைத் துழாவிக்கொண்டே போகும். விரலில் இறால் தட்டுப்பட்டதும் அப்படியே அமுக்கி எடுத்துப் பறிக்குள் போடுவார்கள். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. அந்தத் தலைகளில் ஒன்று எங்க அம்மாவுடையது. நாங்கள் இருளர்கள்.

எங்க தாத்தா காலத்தில் இருளர்களுக்குக் காட்டில் வேட்டை இருந்தது, பாம்புத் தோல் வியாபாரம் இருந்தது. 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அதெல்லாம் போய்விட்டது. எங்க பக்கத்து ஆட்களுக்கு மிஞ்சியது இந்தத் தண்ணீர் வேட்டைதான். பொங்கலோ மழையோ, வீட்டில் அடுப்பு எரிய அம்மா தண்ணீரில் இறங்கியாக வேண்டும். நான் படித்ததும் அந்த இறால் காசில்தான்.

இப்போது நான் கனடாவில், ஆல்பர்ட்டா மாகாணத்தில் ஒரு சின்ன ஊரில் நர்ஸ். முதியோர் இல்லத்தில் வேலை. அம்மாவுக்கு 56 வயது. 'வேலைக்குப் போகாதே' என்று எத்தனை முறை சொல்லியும் கேட்டதில்லை. "சும்மா உக்காந்தா உடம்பு துருப்புடிச்சிடும் பாப்பா" என்பார். அதனால், அவரை நிறுத்துவதை விட்டுவிட்டு, அவருக்குக் குளிராமல் இருக்க என்ன செய்யலாம் என்று யோசிக்க ஆரம்பித்தேன். கடைசியில் அது ஒரு கம்பளி பனியனில் வந்து நின்றது.

லாரியில் வந்த நீல ஸ்வெட்டர்

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது எனக்கு 12 வயது. அலையின் வேகத்தைக் காடு வாங்கிக்கொண்டதால் அதன் பின்னால் இருந்த எங்க குடியிருப்பு தப்பித்தது. கடலைப் பார்த்து நின்ற ஊர்கள் தப்பவில்லை. அடுத்த சில வாரங்களுக்கு லாரி லாரியாகப் பழைய துணிகள் வந்தன. சாலையோரங்களில் அவை குவிந்து கிடந்ததைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அனுப்பியவர்கள் நல்ல மனசோடுதான் அனுப்பினார்கள். ஆனால், என்ன வேண்டும் என்று யாரும் எங்களைக் கேட்டதாக நினைவில்லை.

அந்தக் குவியலில் எனக்கு ஒரு நீல ஸ்வெட்டர் கிடைத்தது. பெரியவர்கள் அளவு. அம்மாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு மார்கழி விடியற்காலை அதைப் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். பாதி வேலையில் திரும்பி வந்துவிட்டார். "இடுப்புல ரெண்டு குடம் கட்டிக்கிட்டு நடக்கற மாதிரி இழுக்குது" என்று கழற்றிப் போட்டார். கொடியில் மூன்று நாள் கிடந்து காய்ந்தது. அப்புறம் கோழிக் கூண்டின் மேல் போர்த்திவிட்டோம்.

அதன்பிறகு அம்மா எப்போதும்போலப் பழைய புடவை, அதற்குமேல் அப்பாவின் முழுக்கைச் சட்டை என்றே போனார். சட்டை குளிருக்காக அல்ல. வேரில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஆளி ஓடு கையைக் கிழிக்கும், கெளுத்தி முள் குத்தும், அதற்காக.

ஆண்கள் இதில் கெட்டிக்காரர்கள். சட்டையைக் கழற்றிப் படகில் காயவைத்துவிட்டு வெற்றுடம்போடு இறங்குவார்கள். ஏறியதும் துண்டால் துடைத்துக்கொண்டு அதே உலர்ந்த சட்டையை மாட்டிக்கொள்வார்கள். பெண்களுக்கு அந்த வழி கிடையாது. படகில் பத்துப் பேர் இருக்கும்போது எங்கே துணி மாற்றுவது? ஈரப்புடவையும் ஈரச்சட்டையுமாகவே காற்றில் உட்கார்ந்து வந்து, கரையேறி, ஈரத்தோடே நடந்து வீட்டுக்கு வருவார்கள். சின்ன வயதில் அம்மா வந்ததும் அவர் கையைப் பிடித்துப் பார்ப்பேன். வெளுத்து, சுருங்கி, ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்ததுபோல இருக்கும். அது அந்த வேலையின் குணம் என்றுதான் நினைத்திருந்தேன்.

பனிக்காட்டில் கற்ற பாடம்

2023 நவம்பரில், என்னோடு வேலை பார்க்கும் மூத்த நர்ஸ் ஒருவர் என்னை மான் வேட்டைக்குக் கூப்பிட்டார். அங்கே உரிமம் வாங்கிக்கொண்டு, சீசனில் மட்டும் வேட்டைக்குப் போவது பல குடும்பங்களில் வழக்கம். ஒரு மான் கிடைத்தால் குளிர்காலம் முழுக்க வீட்டுக்கு இறைச்சி. 'எங்க வீட்டிலும் வேட்டைதான் தொழில்' என்று நான் சொன்னதைக் கேட்டு அந்த அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். நான் துப்பாக்கியைத் தொடவில்லை. கூடப் போனேன், அவ்வளவுதான்.

அன்று மைனஸ் 17 டிகிரி. நம்ம ஊர்க்காரர்கள் செய்வதைத்தான் செய்தேன். பருத்தி பனியன், பருத்தி லெக்கின்ஸ், அதன்மேல் ஜீன்ஸ், ரெண்டு ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேலே இருப்பதிலேயே தடியான ஜாக்கெட். முட்டைக்கோஸ் மாதிரி இருந்தேன். பனியில் முக்கால் மணி நேரம் நடந்தோம். வேர்த்துக் கொட்டியது. 'பரவாயில்லையே, குளிரே இல்லையே' என்று பெருமையாக இருந்தது.

மரத்தடியில் போய் அசையாமல் உட்கார்ந்தபிறகுதான் வினை. இருபது நிமிடத்தில் வேர்வையில் நனைந்த பனியன் முதுகில் ஐஸ் தகடுபோல ஒட்டியது. ஜாக்கெட் எவ்வளவு தடியாக இருந்து என்ன, ஈரம் உள்ளே தோலோடு இருக்கிறதே! உடம்பு உதற ஆரம்பித்தது. கையுறைக்குள் இருந்த விரல்கள் மரத்துப்போய், பைனாகுலரின் திருகைத் திருப்ப முடியவில்லை.

அந்த அம்மா என் கழுத்துப் பக்கம் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "உள்ளே என்ன போட்டிருக்கே?" என்றார். பருத்தி என்றேன். தலையில் அடித்துக்கொள்ளாத குறை. 'பருத்தி ஆளைக் கொல்லும்' என்று குளிர்நாட்டு வேட்டைக்காரர்களிடம் ஒரு பேச்சே உண்டாம். வண்டிக்கு அழைத்துப்போய், தன் பையிலிருந்து மெல்லிசான கறுப்புப் பனியன் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மெரினோ கம்பளி. கம்பளி என்றால் சொரசொரவென்று அரிக்கும் என்று நினைத்திருந்த எனக்கு, அது பழைய வாயில் புடவைபோல மிருதுவாக இருந்தது ஆச்சரியம்.

மறுநாள் அவர் சொன்னபடி உடுத்தினேன். தோலை ஒட்டி மெரினோ மேலாடையும் கால்சட்டையும். அதன்மேல் லேசான ஃபிளீஸ். தடி ஜாக்கெட் முதுகுப்பையில். "கிளம்பும்போது கொஞ்சம் குளிரணும். குளிரலைன்னா நீ அதிகமா போட்டிருக்கேன்னு அர்த்தம்" என்றார். மெதுவாக நடந்தோம். உட்காரும் இடத்துக்குப் போனதும், உடம்புச் சூடு ஆறுவதற்கு முன்பே ஜாக்கெட்டை எடுத்து மாட்டிக்கொண்டேன். இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்டன. அன்று மானும் கிடைத்தது.

வண்டியில் திரும்பும்போது அவர் சொன்ன ஒரு விஷயம்தான் எனக்குள் தைத்தது. "விரல் குளிருதுன்னு கையுறை மேல கையுறை போடுவாங்க. முதல்ல நெஞ்சையும் வயித்தையும் கவனிக்கணும்."

நர்ஸிங்கில் நானும் படித்ததுதான். உடம்பின் வெப்பம் குறையும்போது, இதயம், நுரையீரல், மூளை என்று உள்ளுறுப்புகளைக் காப்பாற்றத்தான் உடம்பு முதலில் பார்க்கும். அதற்காகக் கை, கால்களுக்குப் போகும் ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும். விரல் மரப்பதற்கு விரலில் படும் குளிர் மட்டும் காரணமில்லை. உடம்பின் நடுப்பகுதி குளிர்ந்துபோவதும் காரணம். பரீட்சைக்குப் படித்ததை அன்றைக்குத்தான் என் அம்மாவின் கையோடு சேர்த்து யோசித்தேன்.

அந்த போன்கால்

சரியாக ஒரு மாதம் கழித்து, டிசம்பரில், தம்பியிடமிருந்து போன். மழை விட்டு வாடைக்காற்று அடித்த ஒரு காலையில், ஐந்து மணி நேரம் தண்ணீரில் இருந்த அம்மாவைப் பெரியம்மாவும் அத்தையும் தூக்கிப் படகில் போட்டிருக்கிறார்கள். முதலில் பயங்கரமாக உதறியதாம். பிறகு உதறல் நின்று, நாக்கு குழறி, என்ன கேட்டாலும் சம்பந்தமில்லாமல் பேசினாராம்.

உதறல் நின்றது என்று தம்பி சொன்னதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. குளிரில் இருப்பவர் சூடாகாமலேயே உதறலை நிறுத்தினால் அது நல்ல சேதி அல்ல. உடம்பு போராட முடியாமல் கைவிடுகிறது என்று அர்த்தம். 37 டிகிரியில் இருக்க வேண்டிய உடல் வெப்பம் 35-க்குக் கீழே போனாலே ஆபத்து ஆரம்பம்.

ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போயிருக்கிறார்கள். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே முக்கியமில்லை. காய்ச்சல் இல்லை என்று பார்த்துவிட்டு, 'பலவீனம்' என்று பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார்களாம். ஒரு மணி நேரம், அதே ஈரப்புடவையோடு. 'என்ன வேலை செய்யறீங்க, எவ்வளவு நேரம் தண்ணியில இருந்தீங்க' என்று ஒருவரும் கேட்கவில்லை. நம்ம ஊரில் குளிரால் ஒருவருக்கு இப்படி ஆகும் என்று யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. நான் போனிலேயே கத்தினேன். "ஈரத்துணியைக் கழட்டுடா... உலர்ந்த போர்வையைச் சுத்து... நெஞ்சுக்குத் துணி போட்டுச் சூடு கொடு, கையைக் காலைத் தேய்க்காதே..." அத்தைதான் தன் முந்தானையைத் திரையாகப் பிடித்துக்கொண்டு புடவையை மாற்றிவிட்டார். சாயங்காலம் அம்மா சரியாகி, டீ கேட்டார்.

சிதம்பரம் பக்கம் மார்கழி, தை விடியற்காலையில் 20 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கும். ஆல்பர்ட்டாக்காரர்களுக்கு அது கோடைக்காலம். ஆனால் அசையாத காற்றைவிட, தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். மைனஸ் 17-ல் காய்ந்த உடம்போடு உட்கார்ந்திருந்த என்னைவிட, பிச்சாவரத்தில் ஐந்து மணி நேரம் நனைந்துகொண்டிருந்த அம்மா ஆபத்தில் இருந்திருக்கிறார்.

கடையில் என்ன பார்க்க வேண்டும்?

அடுத்த லீவுக்கு ஊருக்கு வரும்போது அம்மாவுக்கு மெரினோ வாங்கிப் போவது என்று முடிவு செய்தேன். கடையில் அந்த மூத்த நர்ஸ் கூடவே வந்து பாடம் எடுத்தார். பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகிறவர்களுக்கும், கேதார்நாத், மணாலி என்று கிளம்புகிறவர்களுக்கும் உதவும் என்பதால் சொல்கிறேன்.

முதலில் இழையின் பருமன். அதை மைக்ரானில் சொல்வார்கள். உள்ளே போடும் மெரினோ பெரும்பாலும் 17-லிருந்து 19 மைக்ரானுக்குள் இருக்கும். நம் தலைமுடியோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அதனால்தான் அரிப்பதில்லை. 30 மைக்ரானுக்கு மேற்பட்ட முரட்டு இழைதான் தோலைக் குத்தும்.

அடுத்தது துணியின் கனம். ஒரு சதுர மீட்டருக்கு 150 கிராம் என்றால் மெல்லிசு, நடந்துகொண்டே இருப்பவர்களுக்கு. 200 கிராம் நடுத்தரம், பெரும்பாலானவர்களுக்கு இது போதும். 250 கிராமும் அதற்கு மேலும், அசையாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்கு. தடியாக ஒன்று வாங்குவதைவிட, மெல்லிசாக ஒன்றும் அதன்மேல் போட இன்னொன்றும் வாங்குவது நல்லது. வேர்த்தால் ஒன்றைக் கழற்றலாம்.

மூன்றாவது அளவு. தொளதொளவென்று இருந்தால் பயனில்லை. தோலை ஒட்ட வேண்டும், ஆனால் இறுக்கக் கூடாது. குனிந்தால் முதுகு தெரியாத நீளம் வேண்டும். தோளில் தையல் மேடாக இருந்தால், மேலே பை மாட்டும்போது உறுத்தும்.

கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரப்பதத்தை இழைக்குள்ளேயே வாங்கிக்கொள்ளும். அப்போதும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. ஈரத்தை உறிஞ்சும்போது கொஞ்சம் வெப்பத்தையும் வெளிவிடும். பருத்தி அப்படியல்ல. ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு தோலோடு ஒட்டும். நம்ம வெயிலுக்கு அது வரம், குளிருக்கு அதுவே சாபம். மெரினோவில் வேர்வை நாற்றமும் சீக்கிரம் வராது. மோப்பம் பிடிக்கும் மானுக்காக வேட்டைக்காரர்கள் இதை விரும்புகிறார்களாம்.

விலைதான் வயிற்றெரிச்சல். ஒரு மேலாடை 100 கனடா டாலருக்குப் பக்கம், நம் காசில் 6,000 ரூபாய். அம்மா எத்தனை நாள் சேற்றைத் துழாவ வேண்டும் என்று மனசு கணக்குப் போட்டது. வசதியில்லாதவர்கள் பாலியஸ்டர் தெர்மல் வாங்கலாம். திருப்பூர் சரக்கே கிடைக்கும். சீக்கிரம் காயும், ஆனால் நாற்றம் பிடிக்கும். எதுவாக இருந்தாலும், தோலை ஒட்டிப் பருத்தி வேண்டாம்.

லேபிளில் 'ஆஸ்திரேலியா' என்று இருந்தது. ஆனால் மெரினோ நமக்குப் புதுசில்லை. ஊட்டி பக்கம் சாண்டிநல்லாவில் செம்மறி ஆடு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே வளர்க்கும் நீலகிரி இன ஆடு, 19-ம் நூற்றாண்டில் நம்ம ஊர் ஆட்டோடு டாஸ்மேனியன் மெரினோ, செவியட், சவுத்டவுன் இனங்களைக் கலந்து உருவானது. அந்த ஆட்டின் சொந்தக்காரர்கள் நம் மலையிலேயே மேய்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

200 கிராமில் இரண்டு செட் வாங்கினேன்.

அம்மா வைத்த பரீட்சை

2025 ஜனவரியில் வந்து இறங்கினேன். அம்மா பனியனைத் தடவிப் பார்த்துவிட்டு, விலையைக் கேட்டார். பாதியாகக் குறைத்துச் சொன்னேன். அதற்கே, "ஆட்டையே வாங்கியிருக்கலாமேடி" என்றார்.

மறுநாள் விடியற்காலை நானும் கூடவே போனேன். பதினைந்து வருஷம் கழித்து அந்தத் தண்ணீரில் இறங்குகிறேன். அம்மா மெரினோவைப் போட்டு, மேலே எப்போதும் போடும் சட்டையையும் மாட்டிக்கொண்டார். நான் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து, "எப்படிம்மா இருக்கு?" என்றேன். பறியைக் கவ்விய வாயோடு தலையை ஆட்டினார். நல்லா இருக்கு என்றா, இல்லை என்றா, புரியவில்லை. கரையேறும்போதுதான் பார்த்தேன். வலது கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கிழிந்து தொங்கியது. ஆளி ஓட்டின் வேலை. 6,000 ரூபாய்!

அம்மா அதைப் பார்க்கவில்லை. வேறு ஒன்றை யோசித்துக்கொண்டிருந்தார். படகில் காற்றில் உட்கார்ந்தபிறகு சொன்னார். "தண்ணிக்குள்ள இருக்கறப்ப இது போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டியும் ஒண்ணுதான். தண்ணி உள்ள பூந்து பூந்து போவுது. ஆனா மேல ஏறுன பொறவு பாரு... புடவைனா இந்நேரம் பல்லு கிட்டியிருக்கும். இது ஈரமா இருந்தும் அவ்வளவா குளிரல."

எந்த லேபிளிலும் இல்லாத தகவல் அது. பனியில் வேர்வையைச் சமாளிக்கச் செய்த துணியை நான் ஆற்றுக்குள் இறக்கியிருக்கிறேன். உள்ளே புகுந்து வெளியேறும் தண்ணீரின் முன்னால் எந்தக் கம்பளியும் தோற்றுப்போகும். நீரில் முக்குளிப்பவர்கள் போடும் ரப்பர் உடை இதற்குச் சரிவரும் என்று யோசித்தேன். ஆனால் அது மிதக்கும். குனிந்து சேற்றைத் தடவ வேண்டியவரை அது மேலே தள்ளிக்கொண்டே இருக்கும்.

"அப்போ இதை எங்கே போடறது?" என்றேன்.

"ஆம்பளைங்க சட்டையை எங்க வைக்கிறாங்க? படகுல காயவைக்கிறாங்கல்ல. நனையாம வெச்சிருந்து ஏறுனதும் போட்டாத்தான் சுகம்."

பனிக்காட்டில் எனக்குக் கற்றுக்கொடுத்ததும் அதுதானே! நடக்கும்போது ஜாக்கெட் பையில், உட்காரும்போது உடம்பில். சூட்டுக்கான துணியை, சூடு தேவைப்படும் நேரத்துக்காகக் காய்ந்ததாக வைத்திருக்க வேண்டும். இதை எங்க ஆண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். பெண்களுக்குக் குறைந்தது அறிவோ துணியோ இல்லை. மாற்றுவதற்கு ஒரு மறைவு இல்லை.

லுங்கிக் கூடாரம்

அன்று மதியம் அம்மாவும் அத்தையும் நானும் உட்கார்ந்து பேசினோம். குளத்தில் குளிக்கும் பெண்கள் பாவாடையைப் பல்லில் கவ்விக்கொண்டு உள்ளேயே துணி மாற்றுவார்களே, அதை அத்தை ஞாபகப்படுத்தினார். "பறியைக் கவ்வற வாயிக்குப் பாவாடையைக் கவ்வத் தெரியாதா? ஆனா ஆடற படகுல ரெண்டு கையும் பத்தாதுடி, அவுந்துபோவும்" என்றார். அப்படியானால் கவ்வ வேண்டாத மாதிரி தைத்துவிட்டால்?

இரண்டு பழைய லுங்கிகளைப் பக்கவாட்டில் சேர்த்து அகலமாகத் தைத்தோம். கழுத்துப் பக்கம் நாடா கோத்துச் சுருக்கு வைத்தோம். தலைவழியாக மாட்டி நாடாவை இழுத்தால் கழுத்திலிருந்து கால் வரை ஒரு கூடாரம். உள்ளே நின்றுகொண்டே ஈரத்தைக் கழற்றி, துவட்டி, உலர்ந்ததைப் போடலாம். செலவு, நாடாவுக்கு 20 ரூபாய்.

தண்ணீருக்குள் போட, தம்பியின் பழைய கால்பந்து ஜெர்சியை எடுத்தோம். பாலியஸ்டர், முழுக்கை, உடம்பை ஒட்டியது. தண்ணீர் குடித்துக் கனக்காது, உதறினால் பாதி காய்ந்துவிடும், ஆளி ஓட்டுக்கும் ஓரளவு தாங்கும். கீழே தம்பியின் டிராக் பேன்ட், அதன்மேல் பழைய பாவாடை. மெரினோ, உலர்ந்த பாவாடை, ஒரு துண்டு, காதை மூடும் குல்லா இவை எல்லாம் திருகுமூடி பிளாஸ்டிக் டப்பாவில் படகிலேயே இருக்கும்.

அந்த வாரம் முழுக்க அப்படித்தான் போனோம். ஐந்தாவது நாள் வாடைக்காற்று நன்றாக அடித்தது. ஏறியதும் அம்மா கூடாரத்துக்குள் புகுந்து, துவட்டிக்கொண்டு, மெரினோவைப் போட்டு, மேலே ஒரு சட்டை, தலையில் குல்லா. ஃபிளாஸ்கிலிருந்து கடுங்காப்பி கொடுத்தேன். படகு கரைக்கு வர அரை மணி நேரம். கரையில் இறங்கியதும் சின்ன வயதுப் பழக்கத்தில் அம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்தேன். சுருக்கம் இருந்தது. வெளுப்பு இல்லை. சூடாக இருந்தது. என்னால் கொஞ்ச நேரம் கையை விட முடியவில்லை.

"என்னடி, நாடி பாக்கறியா நர்ஸம்மா?" என்றார்.

பெரியம்மாவும் இன்னும் மூன்று பேரும் கூடாரம் தைத்துக்கொண்டார்கள். கிழிந்த மெரினோவின் கையைத் தைத்து அத்தைக்குக் கொடுத்தாகிவிட்டது. எப்படித் துவைப்பது என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டு வந்தேன். உப்புத் தண்ணீர் போக நல்ல தண்ணீரில் அலச வேண்டும். வெந்நீர், பிளீச்சிங் கூடாது. கல்லில் அடிக்கவோ முறுக்கிப் பிழியவோ கூடாது. நிழலில் விரித்துக் காயப்போட வேண்டும். "கைக்குழந்தையைக்கூட இப்படிக் குளிப்பாட்டல" என்று பெரியம்மா அலுத்துக்கொண்டார்.

இன்னொன்றையும் சொல்லிவிட்டு வந்தேன். தண்ணீரில் யாருக்காவது உதறல் அடங்கவில்லை என்றாலோ, பேச்சு குழறினாலோ, அன்றைக்கு இறால் போதும் என்று கரையேறிவிட வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போனால் அவர்கள் கேட்காவிட்டாலும், 'ஐந்து மணி நேரம் தண்ணியில இருந்தேன்' என்று முதலில் சொல்ல வேண்டும். ஈரத்துணியை மாற்றாமல் பெஞ்சில் உட்காரக் கூடாது.

போன வாரம் அம்மா போன் செய்தார். அரைக் கிலோ வெள்ளை இறால் கிடைத்ததாம். "விரல் நல்லாத் தெரியுதா?" என்று கேட்டேன். "தெரியுது தெரியுது, நெஞ்சு சூடா இருந்தாத்தான் விரலுக்கு இறால் தெரியும்னு நீதான சொன்ன" என்றவர், கொஞ்சம் இழுத்துவிட்டுச் சொன்னார்.

"பாப்பா... அடுத்த தடவ வரப்ப பெரியம்மாவுக்கும் ஒண்ணு வாங்கியா. ஆனா நீயா அளவு எடுக்காத. அவ எனக்கு ரெட்டை. போனை அவகிட்டக் குடுக்கறேன், கேட்டுக்கிட்டு வாங்கு."